வெளியே பனி, உள்ளே புகை

மார்கழி மாதத்தில் ஒரு நாள் காலை, கடைக்குக் கிளம்பியவள் வாசலில் நின்று செருப்பில் காலை நுழைத்தேன். வார் பாதத்தின்மேல் ஏறவில்லை. முந்தின நாள்வரை போட்டுக்கொண்டிருந்த செருப்புதான். உள்ளே திரும்பி என் கணவரைக் கூப்பிட்டேன். அவர் தரையில் உட்கார்ந்து என் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அழுத்திய இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றது.

"என்ன அம்மணி, காலு பன்னு மாதிரி ஊதிக் கெடக்குது?" என்றார்.

"குளிருங்க. ராத்திரியெல்லாம் தையல் மிஷின மிதிச்சுட்டு இருந்தேன்ல" என்றேன்.

சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது ஆண்கள் போடும் பெரிய அளவுச் செருப்பு ஒன்றை எனக்கு வாங்கி வந்தார். அதைப் போட்டுக்கொண்டு நடந்ததைப் பார்த்து இருவரும் சிரித்தோம்.

என் பெயர் ஜெயந்தி. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. குன்னூருக்குக் கீழே சரிவில் ஒரு சின்ன வீடு எங்களுடையது. தார்ச் சாலையிலிருந்து படிக்கட்டில் இறங்கி வர வேண்டும். வீட்டிலேயே ஜாக்கெட்டும் பள்ளிக்கூடச் சீருடையும் தைத்துக் கொடுப்பேன். என் கணவர் தங்கராசு வெடிமருந்து ஆலையில் வேலை பார்த்தார். எங்கள் ஒரே மகள் சுதா கல்யாணமாகிக் கோயமுத்தூரில் இருக்கிறாள்.

கால் வீங்குவதற்கு முன்பே மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. படிக்கட்டில் பாதி ஏறியதும் உட்கார்ந்துவிடுவேன். எதிரே வருபவர்களிடம், "சும்மா வெயில் காயறேன்" என்பேன். படுத்தால் இருமல் வரும். எழுந்து உட்கார்ந்தால் அடங்கும். முதலில் ஒரு தலையணையை அதிகமாக வைத்தேன், பிறகு இன்னொன்று. கடைசியில் சுவரில் சாய்ந்தபடியேதான் தூக்கம். மலையில் இருப்பவர்களுக்கு எல்லாவற்றுக்கும் காரணம் குளிர்தான். நானும் சுக்கும் மிளகும் தட்டிக் கஷாயம் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன்.

அவரைப் பற்றிச் சொல்லாமல் என் நோயைச் சொல்ல முடியாது.

வெடிமருந்து செய்யும் இடத்துக்குள் நெருப்பு ஆகாது. பீடி, சிகரெட், தீப்பெட்டி எதையும் கொண்டு போக முடியாது. வாசலில் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். அதனால் வேலை நேரம் முழுக்க அவர் ஆசையை அடக்கிக்கொண்டு இருப்பார். ஷிப்ட் முடிந்து வெளியே வந்ததும் பலர் சாலையோரத்திலேயே பற்ற வைப்பார்கள். இவர் அங்கே நிற்க மாட்டார். நேராக வீட்டுக்கு வந்து, ஸ்வெட்டரைக் கழற்றி, என் தையல் மிஷினுக்குப் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து முதல் சிகரெட்டைப் பற்ற வைப்பார். முதல் இழுப்புக்குக் கண்ணை மூடிக்கொள்வார். அப்புறம்தான் பேச்சு வரும். அன்றைக்கு யார் என்ன சொன்னார்கள், கேன்டீனில் என்ன சண்டை, மேற்பார்வையாளர் எப்படி வழுக்கி விழுந்தார் என்று ஒவ்வொருவர் மாதிரியும் பேசிக் காட்டுவார். நான் தைத்துக்கொண்டே சிரிப்பேன். முதல் சிகரெட் முடிந்து அடுத்தது வரும். சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, படுக்கப் போகும்போது ஒன்று. ஜன்னல் சாத்தியே இருக்கும். திறந்தால் மேகம் உள்ளே வந்து தைத்து வைத்த துணியெல்லாம் ஈரமாகிவிடும்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இப்படித்தான். ஒரு நாளில் எனக்குப் பிடித்த நேரம் அதுதான். சிகரெட் பெட்டிமேல் போட்டிருக்கும் படங்களைப் பார்த்தால் அவருடைய நுரையீரலை நினைத்துப் பயப்படுவேன். என்னைப் பற்றி எனக்குப் பயம் வந்ததே இல்லை. சுதா குழந்தையாக இருந்தபோது அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி ஊதுவார். அவளைக் காப்பாற்ற அது போதும் என்று இருவருமே நம்பியிருந்தோம்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு காலையில் குளித்துவிட்டு வந்தேன். தலை துவட்டக் கையைத் தூக்க முடியவில்லை. காற்று உள்ளே போகிறது, ஆனால் போதவில்லை. தண்ணீருக்குள் நின்று மூச்சு விடுவதுபோல இருந்தது. உதடு நீலம் பாரித்திருந்ததாம். அவர் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு பெள்ளி அண்ணனை ஜீப் எடுக்கச் சொன்னார். என்னைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டு முழுவதும் ஏறினார். ஏறி முடித்தபோது எங்கள் இருவரில் யாருக்கு அதிகமாக மூச்சு வாங்கியது என்று சொல்ல முடியாது. அன்றைக்கு அதை யாரும் கவனிக்கவில்லை.

குன்னூர் மருத்துவமனையில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். நெஞ்சில் பட்டைகளை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். இதயத்தில் ஓடும் மின்சாரத்தைக் கோடாக வரைந்து காட்டும் சோதனை அது. நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார் டாக்டர். இதயம் ரத்தத்தைச் சரியாக முன்னே தள்ளாததால் பின்னால் தேங்குகிறது. தேங்கிய ரத்தத்திலிருந்து நீர் நுரையீரலுக்குள் கசிகிறது. காலில் வீங்கியதும் அதே நீர்தான். ஊசி போட்டு நீரை வடிய விட்டுவிட்டு, உடனே கோயமுத்தூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

ஆம்புலன்ஸ் மலை இறங்கியது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவர் முன்னிருக்கையிலிருந்து திரும்பிப் பார்த்தார். மேட்டுப்பாளையத்தை நெருங்கும்போது ஊசி வேலை செய்யத் தொடங்கியிருந்தது.

"ஏனுங்க, எனக்கு இப்பத் தேவலைங்க. திரும்பிப் போயரலாங்களா? ஸ்கூல் துணி பாதியில கெடக்குது" என்றேன்.

"பேசாம படு" என்றார்.

கோயமுத்தூர் மருத்துவமனையில் எக்கோ அறைக்கு வெளியே நிறையப் பேர் காத்திருந்தார்கள். எல்லோர் மடியிலும் ஒரு கோப்பு. யாரும் யாரையும் நேராகப் பார்ப்பதில்லை. உள்ளே போய்விட்டு வருபவரின் முகத்தை மட்டும் எல்லோரும் பார்க்கிறார்கள். என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து உள்ளே தள்ளினார்கள். அவரையும் அங்கே வந்து சேர்ந்திருந்த சுதாவையும் கூட வரவிட்டார்கள்.

எக்கோ என்பது வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கும் ஸ்கேன் மாதிரிதான். நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவி, ஒரு கருவியை விலா எலும்புகளுக்கு நடுவில் அழுத்துகிறார்கள். திரையில் இதயம் தெரிகிறது. என் இதயத்தை நான் பார்த்தேன். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் ஏதோ ஒன்று களைத்துப்போய் அசைந்துகொண்டிருந்தது. சுருங்க முயன்று, பாதியிலேயே விட்டுவிடுவதுபோல் இருந்தது.

இதய மருத்துவர் ஒரு பெண். என்னைவிட வயதில் சிறியவர். அவசரப்படாமல் பேசினார்.

"இடது பக்கம் கீழ ஒரு அறை இருக்குங்கம்மா. அதுதான் உடம்பு பூரா ரத்தத்தத் தள்ளி விடுது. உங்களுக்கு அந்த அறை பெருசாயிருக்கு. சுவர் மொதல்ல தடிச்சு, அப்புறம் தளர்ந்து போச்சு. நல்ல இதயம் ஒவ்வொரு துடிப்புலயும் உள்ள இருக்கற ரத்தத்துல பாதிக்கு மேல வெளிய தள்ளணும். உங்களுது அதுல ரொம்பக் கம்மியாத்தான் தள்ளுது" என்றார். பிறகு கோப்பைப் பார்த்துக்கொண்டே, "சர்க்கரை இல்ல. பிரஷர் இருக்கு, ஆனா பாத்துக்கல. புகையிலப் பழக்கம் ஏதாவது இருக்கா? வெத்தல, மூக்குப்பொடி, சிகரெட்டு?" என்று கேட்டார்.

"எனக்குங்களா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒண்ணும் இல்லைங்க."

"வீட்ல யாராவது?"

என் கணவர் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார்.

"நானுங்க" என்றார்.

"வெளிய போய்ப் பிடிப்பீங்களா, வீட்டுக்குள்ளயா?"

"வெளிய பனிங்க, டாக்டர்."

டாக்டர் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. எங்களைப் பார்த்து நிதானமாக விளக்கினார். மூடின அறையில் ஒருவர் பிடித்தால் பக்கத்தில் இருப்பவரும் அந்தப் புகையைத்தான் மூச்சாக இழுக்கிறார். புகையிலுள்ள ஒரு நச்சு வாயு, ரத்தத்தில் ஆக்ஸிஜன் இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ரத்தக்குழாய்களின் உட்புறம் கெட்டு, நெகிழ்வு போய்விடும். அங்கே கொழுப்பு படிவதும் எளிதாகும். விறைத்த குழாய்களுக்குள் ரத்தத்தைத் தள்ள இதயம் நாள் முழுக்க முக்க வேண்டும். முக்கி முக்கி அதன் தசை தடிக்கும், பிறகு ஓய்ந்துபோய் அறை விரியும்.

"இது மட்டுந்தான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். பிரஷரும் சேர்ந்திருக்கு. ஆனா இதுக்குப் பெரிய பங்கு உண்டு" என்றார்.

அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். டாக்டர் பேச்சை நிறுத்திய பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

அன்றே என்னை இதய நோய்த் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். அவருடைய வேலையின் புண்ணியத்தில் செலவின் பெரும்பகுதிக்கு வழியிருந்தது. இந்த விஷயத்தில் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

அங்கே என்னை மிகவும் வாட்டியது தாகம். உடம்பில் நீர் சேரக்கூடாது என்பதால் குடிக்கும் தண்ணீரை அளந்து தருவார்கள். நான் ஒவ்வொரு வாயையும் நாக்கிலேயே வைத்துக்கொண்டிருப்பேன். அடுத்த படுக்கையில் கூடலூரைச் சேர்ந்த நபீசா இருந்தார். இதயத்தில் வால்வு மாற்றியிருந்தார்கள். நான் அழுதால் திரைக்கு அந்தப் பக்கமிருந்து, "பேடிக்க வேண்டா அக்கா, ஞானில்லையா பக்கத்துல?" என்று மலையாளம் கலந்து பயப்படாதே என்பார். அவரும் என்னைப்போலக் கையசைக்க முடியாமல் கிடப்பவர்தான். ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டால் தூக்கம் வரும்.

என் கணவர் வந்தால் கதவருகிலேயே நிற்பார். பார்வையாளர் நேரத்தில் சுதா கட்டிலில் என்னோடு ஒட்டி உட்கார்ந்திருக்க, இவர் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். கிட்டே வரச் சொன்னால், "இருக்கட்டும்" என்பார். ஒருநாள் நர்ஸிடம் அவர் தாழ்ந்த குரலில் கேட்டது என் காதில் விழுந்தது.

"சிஸ்டர், நான் இப்பப் புடிக்கறதில்லைங்க. டாக்டரு சொன்ன அன்னைக்கே நிறுத்திட்டனுங்க. ஆனா என்ற சட்டையில, மூச்சுல ஒட்டியிருக்குமுங்களா? கிட்டப் போனா அதுக்கு ஆகாதுங்களா?"

"துணியில கொஞ்ச நாள் வாடை இருக்கும் சார். நல்லாத் தொவச்சுப் போடுங்க, போதும்" என்றாள் அந்தப் பெண்.

அடுத்த நாள் கடைமடிப்புக் கலையாத புதுச் சட்டையில் வந்தார். அப்போதும் கதவருகிலேதான் நின்றார். நெற்றி வியர்த்திருந்தது. வாயில் கிராம்பு மென்றுகொண்டிருந்தார். அவ்வளவு வருடப் பழக்கத்தை ஒரே மூச்சில் விட்டவருடைய உடம்பு பட்ட பாடு அது.

ஆஞ்சியோகிராம் செய்தார்கள். மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை இதயம்வரை கொண்டுபோய், மருந்தைச் செலுத்தி ரத்தக்குழாய்களைப் படம் எடுப்பது. என் குழாய்களில் ஒன்று சுருங்கியிருந்தது. அங்கேயே ஒரு சிறு வலைக்குழாயை வைத்து அதை விரித்துவிட்டார்கள். வலி அதிகமில்லை. நெஞ்சுக்குள் சூடாக ஏதோ பரவியது, அவ்வளவுதான்.

முடிந்து ஸ்ட்ரெச்சரில் வெளியே கொண்டுவந்தபோது லிஃப்ட் வரவில்லை. தள்ளிவந்தவர் என்னைச் சுவரோரம் நிறுத்தினார். திருப்பத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து சுதாவின் குரல் கேட்டது. நான் இங்கே இருப்பது அவளுக்குத் தெரியாது.

"நான் எத்தன தடவ சொன்னேன்ப்பா, வெளிய போய்ப் பிடிங்கன்னு. எட்டாவது படிக்கறப்ப சொன்னேன். காலேஜ் போறப்ப சொன்னேன். கேட்டீங்களா? அம்மா பாட்டுக்கு அந்த மிஷின்ல குனிஞ்சு உக்காந்திருந்தா. நீங்க பக்கத்துல உக்காந்து ஊதிக்கிட்டே இருந்தீங்க. கொஞ்சங் கொஞ்சமாக் கொன்னுட்டு இருந்தீங்கப்பா!"

ஸ்ட்ரெச்சர் தள்ளிவந்தவர் வேண்டுமென்றே சத்தமாக இருமினார். இருவரும் ஓடி வந்தார்கள். சுதா என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் ஸ்ட்ரெச்சரின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். என் கைக்கும் அவர் கைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிதான். நான் கையை நீட்டப் பார்த்தேன். மணிக்கட்டில் கட்டுப்போட்டிருந்ததால் முடியவில்லை. அவர் நீட்டவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரைகள் நிறைய, எச்சரிக்கைகளும் நிறைய. உப்பு ஆகாது, ஊறுகாய் ஆகாது, தண்ணீருக்கு அளவு. தினமும் எடை பார்க்க வேண்டும். திடீரென்று எடை ஏறினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று அர்த்தம். சுதா தன் வீட்டிலேயே என்னை வைத்துக்கொள்ளப் பார்த்தாள். நான் மலைக்கே போகிறேன் என்றேன். அவர் எனக்கு முன்னாலேயே போய்விட்டிருந்தார், வீட்டைச் சரி செய்ய வேண்டும் என்று.

பெள்ளி அண்ணனும் இன்னொருவரும் நாற்காலியில் வைத்து என்னைப் படிகளில் இறக்கினார்கள். கதவைத் திறந்ததும் எனக்கு அது வேறு யார் வீடோ என்று இருந்தது. திரைச்சீலை இல்லை. கட்டில் மெத்தை புதிது. சுவரெல்லாம் வெள்ளையடித்திருந்தார். எங்கள் வீட்டுக் கூரைப் பலகை வெளிர் மஞ்சள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பார்த்தால் வெள்ளை. தையல் மிஷின் இருந்த மூலை மட்டும் பாக்கி. ஏணியில் ஏறி நின்று துணியால் அங்கே துடைத்துக்கொண்டிருந்தார். கீழே வாளியில் தண்ணீர் கெட்டியான டிகாஷன் நிறத்தில் இருந்தது. சுவரில் கோடுகோடாக அதே நிறம் வழிந்திருந்தது.

"ஏனுங்க, அதென்ன தண்ணி?" என்றேன்.

"கூரையத் தொடச்சது" என்றார். இறங்கிவந்து வாளியை என் கண்ணில் படாமல் அவசரமாகத் தூக்கிக்கொண்டு போனார். ஆனால் நான் பார்த்துவிட்டேன். பலகையில் இவ்வளவு புகைக்கறை என்றால் எனக்குள்ளே எவ்வளவு என்று நினைத்துக்கொண்டேன். அவரும் ஒவ்வொரு வாளியிலும் அதைத்தான் நினைத்திருப்பார்.

அதற்குப் பிறகு அவர் முன் அறையில்தான் படுத்தார். வேலையிலிருந்து வந்தால் நேராகக் குளியலறைக்குப் போய்க் குளித்துவிட்டுத்தான் என் கண்ணில் படுவார். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, மஃப்ளர் சுற்றிக்கொண்டு, அறையின் மறு கோடியில் உட்காருவார். சமையல் முழுக்க அவர்தான். உப்பில்லாத ரசத்தையும் உப்பில்லாத பீன்ஸ் பொரியலையும் எனக்குப் போட்டுவிட்டுத் தானும் அதையே சாப்பிடுவார்.

"நீங்க உப்புப் போட்டுக்குங்க. உங்களுக்கென்ன?" என்றால், "பழகிட்டா நல்லாத்தான் இருக்குது" என்பார். அது பச்சைப் பொய்.

ஆலைக் கதைகள் நின்றுபோயின. யாரைப் போலவும் பேசிக் காட்டவில்லை. நான் எதையாவது கேட்டால் மட்டும் சொல்வார்.

எனக்குக் கோபமே வரவில்லை என்று எழுதினால் அது உண்மையாகாது. வந்தது. மாசி மாதத்தில் ஒரு மத்தியானம், மிஷின் மூடியைத் தூக்கப் பார்த்தேன். நானே தினம் தூக்கி வைத்த மரமூடி. நெஞ்சு படபடத்து இறக்கி வைத்துவிட்டேன். அவர் ஓடிவந்து அதை எடுத்தார். எனக்குள் எதுவோ பொங்கியது.

"நீங்க வெளிய போயிருக்கலாமில்லைங்க?" என்றேன்.

"போயிருக்கலாம்" என்றார்.

"ஏன் போகல? பனின்னு சொல்லாதீங்க. பனியிலதான் தினம் வேலைக்குப் போறீங்க, வர்றீங்க. வேலை விட்டதும் ரோட்டுல நின்னு புடிச்சிட்டு வந்திருக்கலாம். எல்லாரும் அப்படித்தான செய்றாங்க?"

அவர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தார். என்னைச் சமாதானப்படுத்த ஏதோ ஒன்றைச் சொல்ல அவர் யோசிக்கவில்லை. உண்மையிலேயே காரணம் தேடினார்.

"நீ உள்ள இருந்தயே, அம்மணி" என்றார்.

அதற்கு மேல் நான் என்ன கேட்பது? கேட்டது தப்பில்லை என்று இன்றும் நினைக்கிறேன். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்தப் பதிலைக் கையில் வாங்கி எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் தெரியவில்லை.

பங்குனியில் மறுபரிசோதனைக்குப் போனோம். எக்கோவில் என் இதயம் முன்பைவிட நன்றாகச் சுருங்குவது எனக்கே தெரிந்தது. வலைக்குழாய், மாத்திரைகள், உப்புக் கட்டுப்பாடு, சுத்தமான காற்று எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன என்றார் டாக்டர். தடித்த இடம் முழுக்கப் பழையபடி ஆகாது. ஆனால் தசைக்குத் தெம்பு வரும். பிறகு என் கணவர் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்களும் ஒரு ஈசிஜி எடுத்துக்குங்க. இவங்க பக்கத்துல இருந்தவங்க. நீங்க நேரா உள்ள இழுத்தவரு."

"எனக்கென்னங்க, கல்லாட்டம் இருக்கறனுங்க."

டாக்டர் விடவில்லை. எடுத்துப் பார்த்தவர் முகம் மாறியது. ரத்த ஓட்டத்தில் குறை இருக்கும்போல் தெரிகிறது, சீக்கிரமே மருத்துவமனையில் சேர்ந்து ஆஞ்சியோ செய்துவிட வேண்டும், அதுவரைக்கும் இந்த மாத்திரைகள் என்று எழுதிக் கொடுத்தார். கனமான எதையும் தூக்கக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டார். ஆஞ்சியோவைத் தள்ளிப் போட்டார். நான் தினமும் கேட்டேன். சுதா போனில் கேட்டாள். வாசல்புறம் வெயில் விழும் இடத்தில் எனக்காகக் கண்ணாடி வைத்து ஒரு சிறு தாழ்வாரம் கட்டத் தொடங்கியிருந்தார். அங்கே உட்கார்ந்தால் குளிரும் அடிக்காது, காற்றும் வரும், தைக்கலாம் என்பது அவர் கணக்கு. "இது முடியட்டும் அம்மணி, மறுநாளே போயரலாம்" என்றார்.

சித்திரை கடைசியில் கண்ணாடி பொருத்தி முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை. பெள்ளி அண்ணன் ஆள் கூட்டி வந்து மிஷினைத் தூக்கிப் போடுவார் என்று சொல்லியிருந்தேன். நான் பின்பக்கம் துணி காயப்போட்டுவிட்டு வருவதற்குள் அவரே அதைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டிருந்தார். இரும்புக் காலோடு இருக்கும் பழைய மிஷின் அது. வெளிப்படியில் உட்கார்ந்திருந்தார். இளவெயில்தான். எங்கள் ஊரில் அது யாருக்கும் வியர்க்கிற வெயில் அல்ல. அவர் முகமெல்லாம் வியர்வை சொட்டியது. நிறம் சாம்பலாக இருந்தது.

மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்தவளுக்கு அந்த வியர்வை என்னவென்று தெரியும். "அண்ணா, ஜீப்!" என்று கத்தினேன்.

"கத்தாத. உனக்கு ஆகாது" என்றார்.

அவரைத் தாங்கிப் படியேற்றினார்கள். பின்னாலேயே நானும் ஏறினேன். எப்படி ஏறினேன் என்று தெரியாது, நடுவில் உட்காரவில்லை. ஜீப்பில் அவர் தலை என் மடியில் இருந்தது. மருத்துவமனை நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவர் என்னைத் தொட்டார். என் கையை எடுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.

"வெளிச்சம் போதுமான்னு உக்காந்து பாத்துக்க" என்றார். மிஷின் போட்ட இடத்தைச் சொல்கிறார் என்று புரிந்தது. "போதுங்க, நல்லா இருக்குதுங்க" என்றேன். நான் இன்னும் அங்கே உட்கார்ந்துகூடப் பார்த்திருக்கவில்லை.

குன்னூர் மருத்துவமனையில் முடிந்த எல்லாவற்றையும் செய்தார்கள். நெஞ்சை அழுத்தினார்கள், மின்சாரம் கொடுத்தார்கள். என்னை வெளியே உட்கார வைத்து ஒரு நர்ஸ் என் நாடியைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். டாக்டர் வெளியே வந்தபோது முதலில் அவளைத்தான் பார்த்தார், எனக்குச் சொல்லலாமா என்று. அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

காரியத்துக்கு வந்த ஆலைத் தோழர் ஒருவர் அழுதுகொண்டே சொன்னார். "ரெண்டு மாசமாவே வாசல்லருந்து பஸ்ஸுக்கு நடக்கறதுக்குள்ள உக்காந்துருவாருங்க. தோள்பட்டையத் தேச்சுட்டே இருப்பாரு. கேட்டா, ஊட்டுல மட்டும் சொல்லிராதீங்க, அது இப்பத்தான் தேறிட்டு வருதும்பாரு."

தனக்கு நோவு வர உரிமையில்லை என்று நினைத்துவிட்டார்போல.

சுதா அதன்பிறகு என்னோடு சரியாகப் பேசவில்லை. வருவாள், சமைத்து வைப்பாள், மாத்திரையை எடுத்துக் கொடுப்பாள். முகத்தை மட்டும் பார்க்க மாட்டாள். ஆவணியில் அடுத்த பரிசோதனைக்கு அவள்தான் கூட்டிப்போனாள். இதயம் இன்னும் தேறியிருக்கிறது, அறை கொஞ்சம் சிறுத்திருக்கிறது என்றார் டாக்டர். நல்ல செய்திதான். வெளியே வந்து காத்திருப்பு நாற்காலியில் இருவரும் உட்கார்ந்தோம். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம்.

"அன்னைக்கு நான் அப்பாகிட்டப் பேசினத நீ கேட்டியாம்மா?" என்றாள் சுதா.

"கேட்டேன்."

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா. அதனாலதான் அப்பா..."

"நீ சொன்னது நெசந்தான் கண்ணு" என்றேன். "அப்பாவும் நெசம்னுதான் எடுத்துக்கிட்டாரு. உன்ற மேல அவருக்கு ஒரு துளி வருத்தம் இல்ல. பொய் சொல்லி உன்னத் தேத்த எனக்குத் தெரியாது. அவரு புகை எனக்குக் கெடுதல் பண்ணுச்சு, அவருக்கும் பண்ணுச்சு. அத்தன நாளும் அவரு என்ற பக்கத்துல உக்காந்திருந்தது ஆசையாலதான். ரெண்டுமே நெசம். நெசத்தச் சொன்னதுக்கு அழாத. அப்பா இல்லைங்கறதுக்கு அழு."

அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்த அந்த நடையில், அவர் போன நாளிலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் இருவரும் சேர்ந்து அழுது தீர்த்தோம். அவ்வளவு அழுதும் எனக்கு மூச்சு முட்டவில்லை.